மூடி திறந்த பெட்டி

ஜூன் 7, 2006, புதன்

இந்த டைரி சிவகாசி அச்சாபீஸில் கழித்துப் போட்டது. பிப்ரவரி தலைகீழாக பைண்ட் ஆகிவிட்டதாம். ஆகட்டும், பிப்ரவரியில் நான் என்ன எழுதிக் கிழிக்கப் போகிறேன் என்று வாங்கி வந்தேன். அதே மாதிரி பிப்ரவரி முழுக்கக் காலி. மார்ச், ஏப்ரல், மே எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன, அவையும் காலி.

காலையில் இரண்டு போன். முதல் போன் ரத்தினசாமி அண்ணாச்சி. பதினோரு வருஷமாக நம் பட்டாசுக் கிப்ட் பாக்ஸ் முக்கால்வாசி அவருடைய ஏஜென்சி வழியாகத்தான் வெளியூர் போகிறது. "ஏம்மா மீனா, இந்த சீசன்ல இருந்து மூடியில நம்ம ஏஜென்சி லேபிளையே ஒட்டிருவோம். ஒரே பேரா இருந்தா கடைக்காரங்களுக்குச் சொல்ல லேசு. ஆடிப்பெருக்குக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க" என்றார். "சரிண்ணாச்சி, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். சரி என்று சொல்லியிருக்க வேண்டாம். அவர் குரலைக் கேட்டாலே வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

மூடியில் 'பொன்னுத்தங்கம் பயர் ஒர்க்ஸ்' என்று என் மாமியார் பெயர் இருக்கிறது. அது போய்விட்டால், அடுத்த வருஷம் அண்ணாச்சி வேறு யாரிடம் சரக்கு எடுத்தாலும் ஒரு கடைக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. அறுபத்து நாலு பேர் வேலை செய்கிற கம்பெனி, அவர் எப்போது வேண்டுமானாலும் கைகழுவலாம் என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் பயம்.

இரண்டாவது போன் பெங்களூரில் இருந்து. லட்சுமிகாந்தம் என்று ஒருவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஊழியர் சங்கத்துக்குத் தீபாவளிப் பட்டாசு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு அவருக்காம். போன வருஷம் யாரோ வீட்டில் பார்த்த பெட்டியின் மூடியில் நம் பெயரும் நம்பரும் இருந்திருக்கிறது. ஆயிரத்து எண்ணூறு பெட்டி வேண்டும். "வெப்சைட் இருக்கா? ஜூலை இருபத்திரண்டாம் தேதி கமிட்டி. அவங்களுக்குப் போட்டுக் காட்டணும்" என்றார்.

"தயாராகிக்கிட்டே இருக்கு சார்" என்றேன். பச்சைப் பொய். நான் இண்டர்நெட்டில் பார்த்தது மொத்தமே பிளஸ் டூ ரிசல்ட்.

ஆயிரத்து எண்ணூறு பெட்டி கிடைத்தால் அண்ணாச்சியிடம் லேபிள் வேண்டாம் என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.


ஜூன் 9, வெள்ளி

முனியராஜ் வந்தான். நம் பேக்கிங் ரூமில் இருக்கிற மாரிசெல்வியின் மகன். இருபத்தாறு வயது இருக்கும். விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். வெப்சைட்டும் செய்து கொடுக்கிறான். ஒரு வத்தல் மண்டிக்குச் செய்திருக்கிறானாம்.

வீட்டு முன்னறைதான் நமக்கு ஆபீஸ். அலமாரியில் இருந்த பத்து வருஷத்து லேபிளையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். சிவகாசியில் லேபிள் அடிக்கப் போனால் இப்படித்தான். என்ன வேண்டும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பழையதைக் காட்டி, இதில் உள்ள மயில், அதில் உள்ள ஜரிகை பார்டர், இந்தக் குழந்தை ஆனால் சிரிக்க வேண்டும் என்போம். புரூஃப் வரும். எங்கேயாவது இடம் காலியாக இருந்தால் அங்கே ஒரு புஸ்வாணத்தைச் சொருகச் சொல்வோம். அச்சாபீஸ்காரர் எதற்கு என்று கேட்க மாட்டார்.

அதே மாதிரி இவனுக்கும் காட்டினேன். மயில் வேண்டும். தங்க எழுத்து வேண்டும். திறந்ததும் வெடிக்க வேண்டும், சத்தத்தோடு. கம்பெனிப் பெயர் அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "இடத்தச் சும்மா விட்டுராத" என்றும் சொன்னேன்.

ஒரு மணி நேரம் நின்றுகொண்டே நோட்டில் எழுதினான். நடுவில் ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா, இத யாரு பாப்பாக?"

"எல்லாரும் பாப்பாக."

"சரிங்கம்மா. பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு போட்டுருவமா?"

"அது எதுக்கு? மூடி படம் போட்டாப் போதும்."

"சரிங்கம்மா."

நல்ல பணிவு. எதிர்க்கேள்வி கிடையாது. ஒரு காரியத்தை ஒருத்தருக்கு இவ்வளவு லேசாகப் புரிய வைத்தது சமீபத்தில் இதுதான்.


ஜூன் 10, சனி

அவன் செய்த வத்தல் மண்டி வெப்சைட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. மண்டிக்காரர் எப்படித்தான் ஒத்துக்கொண்டாரோ.


ஜூன் 19, திங்கள்

மயில் வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் போட்டால் போன் எங்கேஜ்டு ஆகிவிடும், அதனால் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போட்டேன். தோகை விரிக்க மூன்று நிமிஷம் ஆகிறது. விரித்துவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு ஒரு சரவெடிச் சத்தம். அடுப்படியில் பாத்திரம் விழுந்துவிட்டது என்று இவர் எழுந்து ஓடினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மாமியார் பெயர் திரையின் அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தேர் மாதிரி போகிறது.

தங்க எழுத்து மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னேன். "மாத்திருவோம்மா. இது அச்சு இல்ல, எப்ப வேணாலும் மாத்தலாம்" என்றான். அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. லேபிள் என்றால் அச்சுக்குப் பிளேட் போட்ட பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. இருபது வருஷம் அந்தப் பயத்திலேயே இருந்தவளிடம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால்?


ஜூன் 22, வியாழன்

இன்று ஏழு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை சிவப்பைப் பற்றி.

"இன்னும் நல்ல செவப்பா இருக்கணும்."

"குங்குமச் செவப்பாம்மா, வத்தல் செவப்பா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"சரிங்கம்மா."

இவர் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பய ஒன் போன எடுக்குறதுக்குன்னே ஒரு ஆள் போட்டுக்கிடலாம்" என்றார். கேலி. நான் பதில் சொல்லவில்லை. ஜரிகை பார்டர் ஞாபகம் வந்து எட்டாவது போன் போட்டேன்.


ஜூலை 3, திங்கள்

முடிந்தது. லட்சுமிகாந்தத்துக்கு விலாசத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முனியராஜிடம் "நல்லாருக்குல்ல?" என்று கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரியே இருக்கும்மா" என்றான்.


ஜூலை 5, புதன்

லட்சுமிகாந்தம் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆபீஸில் வைத்துத் திறந்திருக்கிறார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சரி என்று ஒரு பைலை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். திடீரென்று சரவெடி. மொத்த ஹாலும் எழுந்து நின்று அவரைப் பார்த்திருக்கிறது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினாராம்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. மயில் இருக்கு, குழந்தை இருக்கு, எல்லாம் இருக்கு. நீங்க என்ன விக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல. கமிட்டியில இதைக் காட்ட முடியாது" என்றார்.

கமிட்டிக்குப் பதினேழு நாள் இருக்கிறது.


ஜூலை 6, வியாழன்

அவனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். ஆமா, பேசுனேன். படிச்ச பய, ஒரு மொதலாளிக்கு இது சரிப்படும், இது சரிப்படாதுன்னு சொல்லத் தெரியாதா? வத்தல் மண்டிக்கு மட்டும் வெள்ளையா செஞ்சு குடுத்திருக்கானே, எனக்கு ஏன் இம்புட்டுக் குப்பையக் கொட்டணும்? ஏன்னா நான் பொம்பளை, ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுட்டானா?

எல்லாவற்றையும் அவனிடமே கேட்டேன்.  கடைசியில் "சரிங்கம்மா" என்றான். எதுக்குச் சரி? அதற்கும் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.


ஜூலை 8, சனி

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மாரிசெல்வி மட்டும் பேக்கிங் ரூம் வாசலில் நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் தானாக வந்து பேசியது இல்லை.

"மொதலாளியம்மா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"சொல்லு."

"எம்மவன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. தப்புச் செஞ்சா வைய வேண்டியதுதான். ஆனா அவன் மொதல்ல வேற ஒண்ணு செஞ்சு வச்சிருந்தான். ராப்பகலா எங்கிட்டக் கேட்டான், பெட்டிக்குள்ள என்னென்ன வப்பீக, எது அடியில, எது மேலன்னு. நான் சொல்லச் சொல்லப் படம் போட்டான். நாந்தேன் கெடுத்தேன். அவுக சொன்னத மட்டும் செய்யிலே, மொதலாளி வீட்டுல போயி வேண்டாங்கிற சொல்லைச் சொல்லிராதன்னு சொல்லிவிட்டேன்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் இல்லை. அண்ணாச்சி போனில் கூப்பிட்டால் நான் என்ன சொல்கிறேன்? சரிண்ணாச்சி. அதற்கு அர்த்தம் சம்மதம் என்றா? அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். நானும் இந்தப் பையனிடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.


ஜூலை 10, திங்கள்

சாத்தூர் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவன் கடையில், அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் நிற்கிறான்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். ஜூன் ஒன்பது: 'ஒரு மணி நேரம் நின்றுகொண்டே நோட்டில் எழுதினான்.' நானேதான் எழுதியிருக்கிறேன். நம் ஆபீஸில் மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தது. வத்தல் மண்டிக்காரர் வந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். மாரிசெல்வி மகன் என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை. அசிங்கமாக இருக்கிறது.

அங்கே கடையில் அவனிடம், "அங்கன கெடக்கிற ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு" என்றேன். நுனியில் உட்கார்ந்தான். "நீ மொதல்ல செஞ்சு வச்சத எனக்குக் காட்டு."

காட்டினான். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு பெட்டி, மூடி இல்லாமல். உள்ளே தரைச்சக்கரம், புஸ்வாணம், பென்சில், சாட்டை, கம்பி மத்தாப்பு எல்லாம் கையால் வரைந்து வைத்திருக்கிறான். எதன் மேல் மவுஸை வைத்து அமுக்கினாலும் அது எத்தனை பாக்கெட், எப்படி எரியும், சின்னப் பிள்ளைகள் பிடிக்கலாமா கூடாதா என்று வருகிறது. அடியில் நம் பெயர், போன் நம்பர். வேறு எதுவும் இல்லை. சட்டென்று வந்துவிட்டது. மூன்று நிமிஷம் இல்லை.

"ஏன் காட்டல?"

"நீங்க கேக்கலம்மா."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை. "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டேன். அவன் கடையில் வைத்து நான் கேட்கிறேன். அவன்தான் வெளியே போய் இரண்டு காப்பி சொல்லிவிட்டு வந்தான்.

குடித்துக்கொண்டே அவன் கேட்டது: "அந்த பெங்களூர்க்காரருக்கு என்னம்மா பயம்?"

"பயமா?"

"ஆயிரத்து எண்ணூறு பேருக்கு வாங்குறாரு. ஏதோ ஒரு பயம் இருக்கும்ல. அது தெரிஞ்சா அதுக்குப் பதில மொத பக்கத்துல வச்சிரலாம்."

தெரியாது. ஒரு மாதமாகப் பேசுகிறேன், நான் கேட்கவே இல்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்பதையே பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.


ஜூலை 11, செவ்வாய்

கேட்டேன். லட்சுமிகாந்தம் முதலில் சிரித்தார், பிறகு கொட்டிவிட்டார்.

போன வருஷம் வேறு ஒரு இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். மூடியில் ராக்கெட் படம், பெட்டியில் ராக்கெட் இல்லை. ஒரு பெட்டியில் இருந்தது அடுத்த பெட்டியில் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரித்துப் பார்த்து ஒப்பிட்டிருக்கிறார்கள். தீபாவளி அன்று காலையில் பதினைந்து பேர் இவர் வீட்டு வாசலில். நீ கமிஷன் அடித்தாயா என்று ஒருத்தர் தெருவில் நின்று கேட்டாராம். "என் பொண்ணு உள்ளே இருந்து கேட்டுக்கிட்டு இருந்தா அம்மா. எனக்கு மயிலெல்லாம் வேண்டாம். பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னு காட்டுங்க. காட்டினது இருக்கணும்" என்றார்.

முனியராஜ் ஜூன் ஒன்பதாம் தேதி கேட்ட அதே கேள்வி.


ஜூலை 13, வியாழன்

வீட்டில் சண்டை.

நாம் செய்வது சக்கரம், புஸ்வாணம், பென்சில் மூன்றும்தான். மற்றதெல்லாம் அக்கம்பக்கக் கம்பெனிகளில் மாற்றிக்கொள்வது. நாம் சக்கரம் கொடுப்போம், அவர்கள் சாட்டை கொடுப்பார்கள். அந்தந்த வாரம் எது கிடைக்கிறதோ அது பெட்டிக்குள் போகும். அதனால்தான் யாரும் உள்ளே இருப்பதைப் படம் பிடித்துப் போடுவதில்லை. மூடி மட்டும்தான் பேசும்.

"தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு. எவன் கம்பெனி ஓடும், எவன் கம்பெனி நிக்கும்னு நீ கண்டியா? படம் போட்டுட்டா அதையேதான வைக்கணும்?" என்றார் இவர்.

"ஆமா, அதையேதான் வைக்கணும்."

"இது ஏமாத்து இல்ல மீனா. வழக்கம்."

வழக்கம்தான். நானும் அதில்தான் இருபது வருஷம் இருந்தேன். ஆனால் லட்சுமிகாந்தம் வீட்டு வாசலில் நின்று கத்தியவருக்கு அது தெரியாதே. பெட்டியைப் பிரித்தவர் ராக்கெட்டைத் தேடியிருக்கிறார்.

இவர் சாப்பிடாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, "சாட்டை மட்டும்தான் பிரச்சினை. மத்தது எல்லாம் சொல்லி வச்சிரலாம்" என்றார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.


ஜூலை 16, ஞாயிறு

வெடிமருந்து இருக்கிற கம்பெனிக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. அதனால் ஒரே ஒரு பெட்டியை வெளியே கொண்டுவந்து களத்தில் வெள்ளை வேட்டி விரித்து வைத்தோம். காலை ஏழு மணி, இளவெயில். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இவர் கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

அடுக்கியது மாரிசெல்வி. லீவு நாளில் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். நான் சக்கரத்தை நடுவில் வைத்தேன். அவள் பேசாமல் எடுத்து ஓரத்தில் வைத்தாள். அவள் வைத்ததுதான் சரியாக இருந்தது. இருபத்திரண்டு சாமான். முனியராஜ் குத்தவைத்தும் ஸ்டூலில் ஏறியும் நாற்பது படம் எடுத்தான்.

மயிலை விட்டுவிட்டேன். சரவெடியை விட்டுவிட்டேன். மாமியார் பெயர் ஓடுவதை மட்டும் விட மாட்டேன் என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். "சரிங்கம்மா" என்றான்.


ஜூலை 22, சனி

இன்று கமிட்டி. போன் வரவில்லை.


ஜூலை 24, திங்கள்

வந்தது. ஆயிரத்து எண்ணூறு பெட்டி. கமிட்டியில் ஒருவர் கேட்டாராம், "படத்துல இருக்கிறது அப்படியே வருமா?" என்று. லட்சுமிகாந்தம் என்னிடம் அதையே கேட்டார். "வரும் சார்" என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. போனை வைத்ததும் சாமான் பட்டியலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.


ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப்பெருக்கு

ரத்தினசாமி அண்ணாச்சி நேரில் வந்தார். என்ன சொல்வது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வேண்டாம்ணாச்சி. எங்க பேருலயே போகட்டும்."

காப்பியை முழுசாகக் குடித்து முடித்தார். "பாத்துக்கிடுங்க" என்று எழுந்தார். ஆர்டரில் பாதியைக் குறைத்துவிட்டார்.  இனி பெங்களூர் லோடு பிசகினால் எழுந்திருக்க முடியாது.


செப்டம்பர் 19, செவ்வாய்

சாட்டை கொடுக்கிற கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. எழுநூறு பெட்டிக்குச் சாட்டை இல்லை. பதிலுக்குக் குருவி வெடி தருகிறேன் என்கிறார்கள். இவர் என்னைப் பார்த்தார். சொன்னேனே என்று சொல்லவில்லை, பார்த்தார்.

குருவி வெடியும் நல்ல சரக்குதான். குறைச்சல் இல்லை. முனியராஜுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் படத்துல சாட்டையை எடுத்துட்டுக் குருவி வெடிய வச்சிரு. இன்னைக்கே."

 வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன்.

"முடியாதும்மா."

"என்னது?"

"அவுக அந்தப் படத்தப் பாத்துத்தான் ஆர்டர் குடுத்தாக. குடுத்ததுக்கப்புறம் மாத்துனா அது மூடி லேபிள் மாதிரித்தான ஆயிரும்."

"எப்ப வேணாலும் மாத்தலாம்னு நீதானலே சொன்ன?"

"எழுத்துக் கலர மாத்தலாம்னு சொன்னேம்மா."

போனை வைத்துவிட்டேன். எம்புட்டுத் திமிரு. அவங்கம்மா என் கம்பெனியில இருக்கா. நான் கூப்பிட்டுக் குடுத்த வேல. என்னையவே முடியாதுங்கிறான். வேற ஆளா இல்ல சாத்தூர்ல?


செப்டம்பர் 20, புதன்

காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு, லட்சுமிகாந்தம் மகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நினைத்தேன். ஜூன் மாதம் சரவெடி வேண்டும் என்று நான் சொன்னபோது அவன் இப்படி முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குத் திட்டினேன். சொன்னதற்கு நேற்றுத் திட்டினேன். நான் எந்தப் பக்கம்?

இவரும் நானும் விஸ்வநத்தம் போகிறோம். அங்கே சின்னச் சின்னக் கம்பெனிகளில் சாட்டை செய்கிறார்கள் என்று போர்மேன் சொல்கிறார்.


செப்டம்பர் 22, வெள்ளி

ஒன்பது இடம் ஏறி இறங்கி, மூன்று இடத்தில் கிடைத்தது. எழுநூறும் தேறிவிட்டது. பதிலுக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு சக்கரம் கொடுத்தோம். இவர் காரில் வரும்போது, "படத்துக்குப் பயந்து பொழைக்கிற பொழப்பா போச்சு" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முனியராஜுக்கு ஒரே வரி சொன்னேன்: "படம் இருக்கட்டும்."


அக்டோபர் 9, திங்கள்

பெங்களூர் லோடு கிளம்பியது.

பேக்கிங் ரூமில் இன்று ஒன்று பார்த்தேன். முனியராஜ் வெப்சைட்டின் அந்தப் பக்கத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மாரிசெல்வி அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பதினோரு பெண்களும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆயிரத்து எண்ணூறையும் அடுக்கியிருக்கிறார்கள். யாருடைய யோசனை என்று கேட்டேன். மாரிசெல்வி, "எனக்கு இது மனப்பாடம்மா. மத்தவகளுக்குத்தேன்" என்றாள்.


அக்டோபர் 27, வெள்ளி

தீபாவளி முடிந்து ஆறு நாள். லட்சுமிகாந்தம் பேசினார். ஒரே ஒரு புகார். ஒரு பெட்டியில் பென்சில் ஒரு பாக்கெட் கூடுதலாக இருந்ததாம். படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திருப்பித் தர வேண்டுமா என்று அந்த ஊழியர் கேட்டாராம்.

"காலையில வாசலுக்கு யாரும் வரலம்மா. நானும் என் பொண்ணும் கோலத்துக்குப் பக்கத்துல உக்காந்து சாட்டை விட்டோம்" என்றார். அடுத்த வருஷத்துக்கு இன்னொரு சங்கத்தாரும் கேட்கிறார்களாம்.

போனை வைத்துவிட்டு அழுதேன். காரணம் எழுதத் தேவையில்லை.


நவம்பர் 6, திங்கள்

முனியராஜ் வந்தான், அடுத்த வருஷத்து வெப்சைட் வேலையாக. நான் போனில் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நம் பெயரிலேயே எடுத்துக்கொள்கிறாராம், முன்பு எடுத்த அளவுக்கு இல்லை. பேசி முடித்துத் திரும்பினால், முனியராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டை மேஜையில் விரித்து வைத்திருக்கிறான். நான் உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா, அடியில ஓடுற பேரு நல்லா இல்ல. படிக்கிறதுக்குள்ள ஓடிருது. எடுத்துருவோம்."

மாமியார் பெயர். எனக்கு அந்த வெப்சைட்டிலேயே பிடித்தது அது ஒன்றுதான். கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"சரிப்பா" என்றேன்.

நோட்டில் அந்த வரியை அடித்தான். "அடுத்த வருசம் இத யாரு பாப்பாகம்மா?"

எல்லாரும் பாப்பாக என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலப்பா. கேட்டுச் சொல்றேன்."

அதையும் எழுதிக்கொண்டான்.